கால்நடை மருத்துவத் தொழிலும் சட்ட நெறிகளும்

(கால்நடை மருத்துவ மாணவர்களுக்கும் துறை அலுவலர்களுக்கும் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

சிற்றூரில் ஒரு கறவை மாடு நோயுற்று வீழ்வது ஓர் உயிரின் துன்பம் மட்டுமன்று. ஒரு குடும்பத்தின் அன்றாட வருவாய் நின்றுபோவதுமாகும். 2019ஆம் ஆண்டில் எடுக்கப்பட்ட இருபதாவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 53 கோடியே 57 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் இருந்தன. அவற்றில் பெரும் பகுதி சிறு விவசாயிகளின் கொட்டில்களிலும் நிலமற்றோரின் வீட்டு வாசல்களிலும் வளர்பவை. இச்செல்வத்தின் உடல்நலத்தை யாரிடம் ஒப்படைக்கலாம்? ஒப்படைக்கப் பெற்றவர் எவ்வெக் கடமைகளுக்கு உட்பட்டவர்? இவ்விரு வினாக்களுக்கும் விடை கூறுவதே கால்நடை மருத்துவத் தொழில் பற்றிய சட்டத்தின் நோக்கமாகும்.

அச்சட்டம் ஒரே ஏட்டில் அடங்கியதன்று. தொழிற் பதிவு, விலங்குவதைத் தடுப்பு, மருந்துக் கட்டுப்பாடு, தொற்றுநோய்த் தடுப்பு, நுகர்வோர் பாதுகாப்பு எனப் பல சட்டங்களில் அது பரவிக் கிடக்கிறது. எனினும் அவை யாவற்றையும் இணைக்கும் நெறி ஒன்றே. பதிவு பெற்ற மருத்துவருக்குச் சட்டம் ஒரு தனியுரிமையை வழங்குகிறது; அதற்கு ஈடாக அவரிடமிருந்து பொறுப்பை எதிர்பார்க்கிறது. பொறுப்பை நீக்கிவிட்டு உரிமையை மட்டும் போற்றுவது சட்டத்தின் கருத்தன்று.

அரசியலமைப்பில் இடம்

கால்நடைச் செல்வத்தைப் பேணுதல், கால்நடை நோய்களைத் தடுத்தல், கால்நடை மருத்துவப் பயிற்சி, தொழில் ஆகியவை மாநிலப் பட்டியலின் 15ஆம் இனமாக அமைந்துள்ளன. விலங்குகளுக்குக் கொடுமை இழைப்பதைத் தடுத்தலும், ஒரு மாநிலத்திலிருந்து மற்றொரு மாநிலத்துக்கு நோய் பரவாமல் தடுத்தலும் பொதுப் பட்டியலில் இடம் பெற்றுள்ளன. ஆகவே தொழிலை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் இயல்பாக மாநிலங்களுக்கே உரியது. நாடு முழுவதற்கும் ஒரே தரம் வேண்டும் என்ற தேவை எழுந்தபோது அரசியலமைப்பின் 252ஆம் உறுப்பு கைகொடுத்தது. சில மாநிலச் சட்டமன்றங்கள் தீர்மானம் நிறைவேற்றி வேண்டியதன் பேரில், நாடாளுமன்றம் 1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டத்தை இயற்றியது. பிற மாநிலங்கள் தத்தம் தீர்மானங்களின் வாயிலாக அதனை ஏற்றுக்கொண்டன.

பதிவும் தனியுரிமையும்

இச்சட்டத்தின்படி தேசிய அளவில் இந்தியக் கால்நடை மருத்துவ மன்றமும், மாநில அளவில் மாநில மன்றங்களும் அமைக்கப்பட்டன. அங்கீகரிக்கப்பட்ட பட்டம் பெற்றவரே பதிவேட்டில் இடம் பெறலாம். 2016ஆம் ஆண்டின் கல்வித் தர ஒழுங்குமுறைகள் அப்பட்டப் படிப்புக்கு, ஓராண்டு உள்ளுறைப் பயிற்சி உட்பட, ஐந்தரை ஆண்டுகளை வகுத்துள்ளன.

சட்டத்தின் 30ஆம் பிரிவே இத்தொழிலின் இதயம் போன்றது. பதிவு பெற்றவர் தவிர வேறெவரும் அரசிலோ உள்ளாட்சி நிறுவனத்திலோ கால்நடை மருத்துவர் பதவி வகிக்கலாகாது. மாநிலத்தில் கால்நடை மருத்துவத் தொழில் புரியலாகாது. சட்டப்படி தேவைப்படும் கால்நடை மருத்துவச் சான்றிதழில் கையொப்பமிடலாகாது. நீதிமன்றத்தில் இத்துறை வல்லுநராகச் சாட்சியம் அளிக்கலாகாது. இந்த வல்லுநர் சாட்சியம் 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 45ஆம் பிரிவைச் சார்ந்திருந்தது. 2024 ஜூலை 1 முதல் அச்சட்டத்தின் இடத்தில் 2023ஆம் ஆண்டின் பாரதிய சாட்சியச் சட்டம் நடைமுறையில் உள்ளது.

சிறு மருத்துவப் பணிகளின் எல்லை

சட்டம் இயற்றியோர் நாட்டின் நிலையை அறியாதவர் அல்லர். ஒவ்வொரு சிற்றூருக்கும் பட்டதாரி மருத்துவர் ஒருவரை அனுப்புவது இயலாது என்பதை உணர்ந்தே 30ஆம் பிரிவில் ஒரு விதிவிலக்கு சேர்க்கப்பட்டது. பட்டயமோ சான்றிதழோ பெற்ற கால்நடை மேற்பார்வையாளர், கால்நடை உதவியாளர் போன்றோர் ‘சிறு கால்நடை மருத்துவப் பணிகளை’ ஆற்ற மாநில அரசு ஆணையிட்டு அனுமதிக்கலாம். தடுப்பூசி போடுதல், ஆண்மை நீக்கம், காயத்துக்கு மருந்திட்டுக் கட்டுதல் போன்ற முதனிலை உதவிகளும், மாநில அரசு அறிவிக்கையில் குறிப்பிடும் பிறவும் இதில் அடங்கும். ஆனால் இவை யாவும் பதிவு பெற்ற மருத்துவரின் மேற்பார்வையிலும் வழிகாட்டுதலிலும் நடைபெற வேண்டும்.

இந்த எல்லைக்கோடு நீதிமன்றத்திலும் சோதிக்கப்பட்டது. மகாராஷ்டிரத்தில் முந்தைய மாநிலச் சட்டத்தின் கீழ்ப் பணியாற்றிவந்த பட்டயதாரர்கள், மத்தியச் சட்டம் தங்கள் பிழைப்புரிமையைப் பறிப்பதாக முறையிட்டனர். 2007ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்கவில்லை. தொழில் புரியும் உரிமை அடிப்படை உரிமையே; ஆயினும் பொதுநலன் கருதி அதற்குத் தகுதியை நிர்ணயிக்க நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்பதே அத்தீர்ப்பின் சாரம். சிறு பணிகளின் வாயில் பட்டயதாரர்களுக்குத் திறந்தே உள்ளது; முழு மருத்துவத் தொழிலின் வாயில் திறக்கப்படவில்லை.

கையொப்பத்தின் பொறுப்பு

மருத்துவரின் கையொப்பம் பலருடைய நலன்களைத் தீர்மானிக்கிறது. காப்பீடு செய்த மாடு இறந்தால் இழப்பீடு அவருடைய பிரேதப் பரிசோதனைச் சான்றிதழைப் பொறுத்தது. 1978ஆம் ஆண்டின் விலங்குப் போக்குவரத்து விதிகளின்படி, ரயிலிலோ சாலை வழியிலோ அனுப்பப்படும் மாடுகள் பயணத்துக்குத் தகுதியானவை, தொற்றுநோய் அற்றவை என்ற சான்றிதழ் உடன் செல்ல வேண்டும். இல்லையேல் ஏற்றிச் செல்வோர் அவற்றை ஏற்க மறுக்க வேண்டும். 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 13ஆம் பிரிவு இன்னும் கனமான கடமையைச் சுமத்துகிறது. பிழைக்க வழியின்றித் துன்புறும் விலங்கின் உயிரை முடிப்பதா என்னும் முடிவில் கால்நடை மருத்துவ அலுவலரின் கருத்துக்குச் சட்டம் முதன்மை அளிக்கிறது.

காணாத மாட்டுக்குச் சான்றளிப்பதும், உரிமையாளரின் வேண்டுகோளுக்கிணங்கித் தேதியை மாற்றி எழுதுவதும் சிறு சலுகைகளாகத் தோன்றலாம். இரக்கமே அவற்றுக்குக் காரணமாகவும் இருக்கலாம். ஆனால் பொய்ச் சான்றிதழ் ஒன்று வெளிப்பட்டால், அதன்பின் அம்மருத்துவர் அளிக்கும் மெய்ச் சான்றிதழ்களும் ஐயத்துக்கு உள்ளாகும். அப்போது இழப்பு ஏழை விவசாயிக்கே. 1992ஆம் ஆண்டின் தொழில் ஒழுக்க ஒழுங்குமுறைகள் இக்காரணம் பற்றியே நேர்மையை வலியுறுத்துகின்றன. தொழில் ஒழுக்கத்தில் தவறியவரின் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கும் அதிகாரமும் மன்றத்துக்கு உண்டு.

மருந்துச் சீட்டு

மருந்து விதிகளின்படி மருந்துச் சீட்டு எழுத்தில் அமைந்து, கையொப்பமும் தேதியும் கொண்டிருக்க வேண்டும். கால்நடைக்கு எழுதப்படுமாயின் உரிமையாளரின் பெயரும் முகவரியும் அதில் இடம் பெற வேண்டும். 2012ஆம் ஆண்டின் திருத்தத்தின்படி, உணவுக்குப் பயன்படும் விலங்குகளின் மருந்துச் சிமிழ்களில், மருந்து நிறுத்தியபின் காத்திருக்க வேண்டிய காலம் குறிக்கப்பட வேண்டும். அது குறிக்கப்படாதவிடத்துப் பாலுக்கும் முட்டைக்கும் ஏழு நாட்களும், இறைச்சிக்கு 28 நாட்களும் குறைந்த அளவாகக் கொள்ளப்படும். மடிநோய்க்கு ஊசி போட்ட மருத்துவர் இதனை உரிமையாளருக்கு எடுத்துரைக்காவிடில், மருந்தின் எச்சம் குழந்தையின் பால் குவளையைச் சென்றடையும்.

டைக்ளோஃபினாக் மருந்தின் வரலாறு இங்கு நினைவுகூரத்தக்கது. அம்மருந்து செலுத்தப்பட்டு இறந்த மாடுகளின் உடலைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் பழுதுற்றுப் பெருமளவில் மடிந்தன. 2006ஆம் ஆண்டில் கால்நடைகளுக்கு அதனைப் பயன்படுத்துவது தடை செய்யப்பட்டது. ஆயினும் மனிதர்க்கான பெரிய சிமிழ்கள் மாட்டுக் கொட்டில்களுக்கு வந்துகொண்டிருந்தன. அதனால் 2015ஆம் ஆண்டில் மனிதர்க்கான ஊசி மருந்தும் 3 மில்லி லிட்டர் கொண்ட ஒரு வேளைச் சிமிழாக மட்டுமே விற்கப்பட வேண்டும் என்று ஆணையிடப்பட்டது. தடையாணை மட்டும் போதாது. மருந்தை எழுதும் கையும் அதற்குக் கட்டுப்பட வேண்டும் என்பதே இவ்வரலாறு உணர்த்தும் பாடம்.

கவனக்குறைவு எது?

சிகிச்சை பலனளிக்காமை வேறு, கவனக்குறைவு வேறு. 1968ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம், மனித மருத்துவர் ஒருவர் பற்றிய வழக்கில், மருத்துவருக்குரிய மூன்று கடமைகளை வரையறுத்தது: நோயாளியை ஏற்பதா என முடிவு செய்வதில் கவனம், எச்சிகிச்சை அளிப்பது என முடிவு செய்வதில் கவனம், அச்சிகிச்சையை அளிப்பதில் கவனம். அத்தொழிலில் ஓரளவு தேர்ந்தவரிடம் எதிர்பார்க்கத்தக்க திறனே அளவுகோல்; தலைசிறந்தவரின் திறன் அன்று. இக்கொள்கை கால்நடை மருத்துவருக்கும் பொருந்தும். கட்டணம் பெற்று அளிக்கும் சேவை நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டது என மனித மருத்துவம் பற்றி 1995ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட நெறியும் அவ்வாறே பொருத்திப் பார்க்கப்படுகிறது. அனைவருக்கும் இலவசமாகப் பணிபுரியும் அரசு மருந்தகம் அதன் கீழ் வாராவிடினும், பொதுச் சட்டத்துக்கும் துறை ஒழுங்குக்கும் அப்பாற்பட்டதன்று.

வாய் பேசாத நோயாளி தன் குறையைக் கூறாது. பின்னர்ச் சாட்சி சொல்லவும் வாராது. ஆகவே அறிகுறி, உடல் வெப்பம், கொடுத்த மருந்து, உரிமையாளரின் இசைவு ஆகியவற்றைக் குறித்துவைக்கும் பதிவேடே மருத்துவருக்கும் உரிமையாளருக்கும் ஒருங்கே காவலாகும்.

தொற்றுநோயும் பொதுநலனும்

உரிமையாளரின் விருப்பத்துக்கு மேலாகப் பொதுநலன் நிற்கும் இடமும் உண்டு. 2009ஆம் ஆண்டின் கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, அட்டவணையில் கண்ட நோய் இருப்பதாக ஐயுறும் உரிமையாளர் கிராம அலுவலருக்கோ ஊராட்சிப் பொறுப்பாளருக்கோ அறிவிக்கவும், நோயுற்ற விலங்கைத் தனியே பிரிக்கவும் கடமைப்பட்டவர். நோய் பரவாமல் தடுக்க இன்றியமையாதது எனக் கருதினால், கருணைக் கொலைக்கு எழுத்து மூலம் ஆணையிடும் அதிகாரம் கால்நடை மருத்துவருக்கு உண்டு. அடைப்பான், கோமாரி போன்ற நோய்களில் ஒரு கொட்டிலின் மறைப்பு ஊர் முழுவதன் இழப்பாகிவிடும். 2011ஆம் ஆண்டில் உலகிலிருந்தே ஒழிந்துவிட்டதாக அறிவிக்கப்பட்ட மாட்டு வெக்கை நோயின் வரலாறு, தடுப்பூசியும் தகவலும் இணைந்தால் எதனைச் சாதிக்கலாம் என்பதற்குச் சான்றாகும்.

சட்டத்துக்கும் சிற்றூருக்கும் இடையே

சட்டம் நன்றாகவே எழுதப்பட்டுள்ளது. எனினும் நள்ளிரவில் கன்று ஈன இயலாமல் தவிக்கும் பசுவின் அருகில் நிற்கும் விவசாயி, அருகில் கிடைப்பவரையே அழைப்பார். அவருடைய பதிவு எண்ணைக் கேட்கமாட்டார். 5,000 கால்நடை அலகுகளுக்கு ஒரு மருத்துவர் வேண்டும் என்று 1976ஆம் ஆண்டில் தேசிய வேளாண்மை ஆணையம் பரிந்துரைத்தது. பல மாநிலங்களில் அந்த இலக்கு இன்னும் எட்டப்படவில்லை. ஒரு லட்சம் கால்நடைகளுக்கு ஒன்று என்ற அளவில் திட்டமிடப்பட்டு, 1962 என்ற தொலைபேசி எண்ணில் அழைக்கத்தக்க நடமாடும் மருத்துவ ஊர்திகள் இவ்விடைவெளியை ஓரளவு குறைக்கின்றன.

இடைவெளி நிலவும் வரை, தகுதியற்றோரைத் தண்டிப்பதால் மட்டும் கால்நடை பிழைத்துவிடாது. தகுதி விதியைத் தளர்த்துவதும் தீர்வாகாது. அது ஏழையின் மாட்டுக்குத் தாழ்ந்த மருத்துவமே போதும் என்று கூறுவதாகும். ‘மேற்பார்வையும் வழிகாட்டுதலும்’ என்ற சட்டச் சொற்களுக்கு உயிரூட்டுவதே வழி. உதவியாளர் எவ்வெப் பணிகளைச் செய்யலாம் என்பது எழுத்தில் வரையறுக்கப்பட்டு மருந்தகத்தின் சுவரில் காணப்பட வேண்டும். மருத்துவர் தொலைபேசியில் கூறும் அறிவுரை அன்றே பதிவேட்டில் ஏற வேண்டும். உதவியாளரின் பதிவுகளை மருத்துவர் உரிய காலத்தில் நேரில் பார்த்துக் கையொப்பமிட வேண்டும். எந்நிலையில் மருத்துவரை உடனே அழைத்தாக வேண்டும் என்பதை உதவியாளரும் விவசாயியும் முன்னரே அறிந்திருக்க வேண்டும்.

இவற்றுக்குப் புதிய சட்டம் தேவையில்லை. 1984ஆம் ஆண்டின் சட்டம் கால்நடை மருத்துவருக்குத் தனியுரிமை அளித்தபோது, அவ்வுரிமையின் பயன் கடைசிக் கொட்டில் வரை சென்றடையும் என்றே நம்பியது. அந்நம்பிக்கையை மெய்ப்பிக்கும் பொறுப்பு, மருத்துவரை நியமிக்கும் அரசுக்கும், பதிவேட்டில் பெயர் எழுதப்பெறும் ஒவ்வொரு பட்டதாரிக்கும் உரியது.