நாடுகள் மறந்த ஓவியர்

ஓர் ஓவியம் காலத்தை வென்று நிற்பதற்குத் தூரிகையின் திறன் மட்டும் போதாது. அதனைப் பேணிக் காக்க ஒரு கலைக்கூடம் வேண்டும். 'இவர் எம்மவர்' என்று உரிமை பாராட்ட ஒரு நாடும் வேண்டும். இவ்விரண்டும் வாய்க்காமையால் நெடுங்காலம் மறக்கப்பட்டிருந்தவர் மக்டா நாக்மன் என்னும் ஓவியர். தமிழருக்கு அவர் முற்றிலும் அயலாரல்லர். சென்னையிற் பிறந்த ஒரு விடுதலை வீரரின் வாழ்க்கைத் துணைவியார் அவர்.

மக்டா 1889ஆம் ஆண்டிற் பிறந்து, அந்நாளில் றஷ்யப் பேரரசின் தலைநகராயிருந்த சென்ற் பீற்றர்ஸ்பேர்க்கில் வளர்ந்தார். தந்தையார் யூதர், தாயார் ஜேர்மன் மரபிலே வந்த புரட்டஸ்தாந்து கிறித்தவர். அந்நகரில் இயங்கிய சுவான்ற்சேவா ஓவியப் பள்ளியில், நாடக அரங்க ஓவியத்திற் பெரும்புகழ் ஈட்டிய லெயோன் பாக்ஸ்ட் என்பாரிடம் அவர் பயின்றார். பின்னாளில் உலகப் புகழ் பெற்ற மார்க் சாகலும் அப்பள்ளியிலே பயின்றவரே. 1913ஆம் ஆண்டில், அப்போது இளங் கவிஞராயிருந்த மரீனா சுவெத்தாயெவாவின் உருவத்தை மக்டா தீட்டினார். றஷ்ய இலக்கிய அன்பர்கள் இன்றும் போற்றும் ஓவியம் அது.

1917ஆம் ஆண்டின் புரட்சியும் அதனைத் தொடர்ந்த உள்நாட்டுப் போரும் அவருடைய வாழ்வைக் குலைத்தன. நகரத்திலே உணவுக்கும் எரிபொருளுக்கும் பஞ்சம். நாட்டுப்புறம் சென்ற மக்டா, அங்கே ஒரு சிற்றூர் நாடக அரங்கிற்குத் திரைகள் தீட்டி வாழ்ந்தார்.

பின்னர் மாஸ்கோவிலே அவர் சந்தித்தவர்தாம் மண்டயம் பார்த்தசாரதி திருமலாசாரியார். எம். பி. ரி. ஆசாரியா என வரலாறு அவரைக் குறிக்கும். சுப்பிரமணிய பாரதியார் ஆசிரியராயிருந்த 'இந்தியா' வார ஏட்டின் வெளியீட்டிற் பங்குகொண்டு, ஆங்கில அரசின் சினத்துக்கு ஆளாகி, புதுச்சேரி, லண்டன், பேர்லின், ஸ்ரொக்ஹோம் என அலைந்தவர் அவர். 1920ஆம் ஆண்டில் தாஷ்கந்தில் இந்தியப் பொதுவுடைமைக் கட்சியைத் தோற்றுவித்தோருள் ஒருவராயிருந்தும், விரைவிலேயே கருத்து வேறுபட்டு விலகினார். நாடற்ற அவரை மணந்த மக்டா, 1922ஆம் ஆண்டின் இறுதியில் அவருடன் தம் தாய்நாட்டை நீங்கினார்.

பேர்லின் நகரிலே வறுமை அவர்களை விட்டகலவில்லை. ஆயினும் மக்டா ஓவியக் காட்சிகள் நடத்தினார். அங்கே அகதியாய் வாழ்ந்த றஷ்ய எழுத்தாளர் விளாடிமிர் நபக்கோவ் அவருடைய காட்சியொன்றைப் பற்றி 1928ஆம் ஆண்டிலே பத்திரிகையில் எழுதினார். பின்னர் நபக்கோவின் உருவத்தையும் மக்டா வரைந்தார்.

1933ஆம் ஆண்டிலே ஹிட்லர் ஆட்சியைக் கைப்பற்றினார். யூதரின் மகளாயும் இந்தியரின் மனைவியாயும் இருந்த ஒருவருக்கு அந்நகரில் இனி இடமேது? 1930களின் நடுப்பகுதியிலே தம்பதியர் ஜேர்மனியை விட்டு வெளியேறி, முடிவிலே பம்பாயை அடைந்தனர். அவர் தீட்டிய படங்களுட் பல, இவ்வாறு நாடு நாடாய்ப் பெயர்ந்த காலத்தில் மறைந்தொழிந்தன.

இழந்தவற்றை எண்ணி ஓய்ந்திருக்க அவர் ஒருப்படவில்லை. பம்பாயில் வறியோரையும், உழைக்கும் மாந்தரையும், நடனக் கலைஞரையும் பரிவோடு தீட்டினார். வியன்னாவிலிருந்து தப்பிவந்த யூத நடனமணி ஹில்டே ஹொல்கருக்கு நட்புடன் துணைநின்று, அவருடைய அரங்குக்கான ஆடைகளையும் வகுத்தளித்தார். உருவப்படங்கள் தீட்டியும் நூல்களுக்குச் சித்திரம் வரைந்தும் ஈட்டிய சிறு வருவாயே குடும்பத்துக்கு ஊன்றுகோலாயிற்று.

1951ஆம் ஆண்டு பெப்ரவரி 12ஆம் நாள் பம்பாயில் அவருடைய ஓவியக் காட்சி திறக்கப்படுவதாயிருந்தது. திறப்புக்குச் சில மணி நேரமே இருந்தபோது மக்டா உயிர் நீத்தார். படங்கள் சுவரிலே காத்திருந்தன, தீட்டியவர் வரவில்லை. துணைவியாரை இழந்த ஆசாரியா, நோயும் வறுமையும் வாட்ட, 1954ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே மறைந்தார்.

றஷ்யா அவரை நாடு நீங்கியவர் என மறந்தது. ஜேர்மனிக்கு அவர் வேண்டாத விருந்தினர். இந்தியக் கலை வரலாறோ அவரை வேற்றுநாட்டவர் என ஒதுக்கிற்று. 2020ஆம் ஆண்டிலே லீனா பேர்ன்ஸ்ரைன் என்னும் ஆய்வாளர் எழுதி வெளியிட்ட வரலாற்று நூலே சிதறிக்கிடந்த அவ்வாழ்வை ஒருங்கு திரட்டித் தந்தது.

பேரரசுகள் வீழ்ந்தன, கொடிகள் மாறின, எல்லைகள் மூடப்பட்டன. சென்ற இடந்தோறும் மக்டா கண்டது மனித முகத்தையே. அதனை உண்மையோடு வரைவதே தம் கடமையென அவர் கொண்டார். அத்தகைய கலைஞரை நினைவிலே காப்பது எந்த ஒரு நாட்டுக்கும் மட்டும் உரிய கடனன்று. கலையை நேசிப்பார் அனைவர்க்கும் உரிய கடன் அது.