வட்டி வேண்டாம் என்றால் மட்டும் போதுமா?

 

வட்டி ஹராம் என்பது நம் வீட்டுச் சிறு பிள்ளைக்கும் தெரியும். ஆனாலும் கல்லூரிக் கட்டணம், ஆஸ்பத்திரிச் செலவு என்று வந்தால் நகையை எடுத்துக்கொண்டு அடகுக் கடைக்குத்தான் ஓடுகிறோம். வேறு வாசல் இல்லை.

அந்த வாசலைத் தேடுவதையே தம் ஆய்வாக்கிக்கொண்டவர் பேராசிரியர் முஹம்மது நஜாத்துல்லாஹ் சித்தீகீ. 1931இல் பிறந்த அவர், அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்திலும் ஜித்தா மன்னர் அப்துல் அஜீஸ் பல்கலைக்கழகத்திலும் கற்பித்தார். வட்டியில்லா வங்கி எப்படி இயங்கும் என்று உருதுவில் நூல் எழுதினார். 1982இல் மன்னர் ஃபைசல் விருது பெற்றார், 2022இல் வஃபாத்தானார்.

முதல் போட்டவரும் உழைப்பவரும் லாபத்தை முன்பே பேசிய விகிதத்தில் பகிர வேண்டும். நஷ்டமானால் பண இழப்பு முதல் போட்டவருடையது. இந்த முளாரபாவே அவருடைய திட்டத்தின் அடித்தளம். பெயரை மாற்றிக் கடனையே பெருக்கும் முறைகளை இஸ்லாமிய வங்கிகள் கையாண்டபோதும் அவர் தயங்காமல் விமர்சித்தார்.

நல்ல எண்ணத்தோடு கணக்கும் வேண்டும். குர்ஆனின் மிக நீண்ட வசனமே (2:282) கடனை எழுதி வைப்பதைப் பற்றியதுதான். ஆகவே மஹல்லாதோறும் அழகிய கடன் நிதியும், அதற்கு முறையான பதிவேடும், ஆண்டுத் தணிக்கையும் அமைய வேண்டும். வாங்கியவர் தவணை தவறாமல் திருப்பினால்தான் அடுத்த வீட்டுக் கண்ணீரைத் துடைக்க முடியும். நம் பிள்ளைகளில் சிலரேனும் நிதியியலும் கணக்கியலும் படித்து இந்தப் பொறுப்பை ஏற்கட்டும்.

வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.