போதையுற்ற பெற்றோரும் சட்டசபையும்



போதைக்கு அடிமைப்பட்ட பெற்றோரின் குழந்தைகளைக் காக்கும் பொருட்டுச் சட்டமியற்றுவோரை அணுகிப் பேச விரும்பும் எவரும், அமெரிக்காவின் டென்னசி மாகாணத்தில் ஒரு சட்டம் பிறந்து இரண்டே ஆண்டுகளில் மறைந்த வரலாற்றை முதலில் அறிந்துகொள்வது நலம் என்பது என் அபிப்பிராயம்.

டென்னசியையும் தொடும் அப்பலாச்சிய மலைப்பிரதேசத்தில் வலிநிவாரண மாத்திரைகளாக வீடுகளுக்குள் நுழைந்த அபின் வகை மருந்துகள் கர்ப்பிணிகளையும் விட்டுவைக்கவில்லை. அவர்கள் வயிற்றில் பிறந்த சிசுக்கள், தாயின் உடல்வழி வந்த மருந்து திடீரென நின்றுபோவதால், நடுக்கமுற்று, ஓயாது அழுது, பாலருந்தவும் மாட்டாமல் தவித்தன. இது சிகிச்சையால் தீரக்கூடிய நிலையே. ஆயினும் அக்குழந்தையை ஒருமுறை கண்டவருக்குத் தாயின் மீது கோபம் மூளாதிருப்பது அரிது. அந்தக் கோபத்தை நான் இழிவாகக் கருதவில்லை. 2013இல் அம்மாகாணச் சட்டசபை, மருத்துவர் எழுதித் தரும் வகை மருந்துகளைத் தவறாக உட்கொண்ட கர்ப்பிணி உரிய காலத்தில் சிகிச்சை நாடினால், அக்காரணம் ஒன்றை மட்டும் கொண்டு அவளுடைய தாய்மை உரிமையைப் பறிக்க மனுச் செய்யலாகாது என்று கருணையோடு விதித்தது. மறு ஆண்டிலேயே அதே சபை, சட்டவிரோதமாகப் போதை மருந்து உட்கொண்டு, அதனால் பாதிக்கப்பட்ட சிசுவைப் பெற்ற தாய்மீது தாக்குதல் குற்றம் சாட்டலாம் என்று மற்றொரு சட்டம் செய்ய, கவர்னர் பில் ஹாஸ்லம் 2014 ஏப்ரலில் அதற்குக் கையொப்பமிட்டார். சிகிச்சையை முடித்தவள் அதையே தன் தற்காப்பாகக் கூறலாம் என்றும் அதில் எழுதியிருந்தது. கர்ப்பிணியை ஏற்கும் சிகிச்சை இல்லங்களோ அரிதாகவே இருந்தன. தண்டனைக்கு அஞ்சும் பெண் வைத்தியரையும் அஞ்சுவாள் என்று மருத்துவர்கள் சொன்ன எச்சரிக்கை அன்று எடுபடவில்லை.

எனினும் அச்சட்டத்தில் ஒரு நல்ல விதி இருந்தது. 2016 ஜூலை முதல் தேதியோடு அது தானே காலாவதியாக வேண்டும் என்பதே அவ்விதி. அதனால் சபை அதை மறுபடி எடுத்துப் பார்க்க நேர்ந்தது. நீட்டிக்கக் கோரிய மசோதா 2016 மார்ச்சில் கீழ்ச்சபையின் ஒரு துணைக் குழுவிலேயே தோற்றது. 99 பேர் கொண்ட கீழ்ச்சபையும் 33 பேர் கொண்ட மேல்சபையும் கூடி வாதிக்க வேண்டிய அவசியமே நேரவில்லை. அந்த அங்கத்தினர்கள் ஜனவரியில் கூடிச் சில மாதங்களில் கலைந்து, வயலுக்கும் வக்கீல் அலுவலகத்துக்கும் கடைக்கும் திரும்புகிறவர்கள். பக்கம் பக்கமாக ஆய்வுரை படிக்க அவர்களுக்கு அவகாசமில்லை. ஆகவே, முழுச் சபையையும் நோக்கி முழங்குவதைக் காட்டிலும், அத்துணைக் குழுவின் சிலரிடம் அமைதியாக உட்கார்ந்து பேசுவதும், தடுக்க முடியாத மசோதாவிலேனும் ஒரு காலவரம்பைக் கேட்டுப் பெறுவதும் பயன் தரும்.

பேசவேண்டிய பொருள் மற்றொன்று உண்டு. 1997ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம், கடந்த 22 மாதங்களில் 15 மாதம் வளர்ப்புப் பராமரிப்பில் இருந்த குழந்தையின் பெற்றோர் உரிமையை நீக்கப் பொதுவாக மாகாணம் மனுச் செய்ய வேண்டும் என்கிறது. பால்யம் எவருக்காகவும் காத்திராது என்னும் நியாயத்தில் பிறந்த கெடு இது. அதை நான் குறைகூறேன். ஆனால் போதை நோயோ, தணிந்து மீண்டும் தலைதூக்கும் இயல்புடையது. சிகிச்சை இல்லத்தில் இடம் கேட்டுப் பெயரெழுதிவிட்டுத் தாய் காத்திருக்கும் மாதங்களும் அக்கெடுவில் கழிகின்றன. அரசு தேவையான உதவியைச் செய்யாதவிடத்து விலக்கு உண்டுதான். அதை நீதிபதி முன் எடுத்துரைக்க அவளுக்கு ஊக்கமுள்ள வக்கீல் வாய்க்க வேண்டுமே!

1995இல் நெவாடாவின் ரீனோ நகரில் தோன்றிய குடும்பப் போதைச் சிகிச்சை நீதிமன்றம், தாயை அடிக்கடி வரவழைத்து அவள் முன்னேற்றத்தை நீதிபதியே கண்காணிக்கும் முறையால் இச்சிக்கலுக்கு ஒரு வழி காட்டியது. 2018இன் மத்தியச் சட்டம், தாயோடு உரிமம் பெற்ற சிகிச்சை இல்லத்தில் தங்கும் குழந்தைக்கு 12 மாதம் வரை செலவுத்தொகை தர இசைந்தது. ஆனால் அத்தகைய இல்லம் இருந்தாலன்றோ அத்தொகை வரும்? அதற்கு உரிமம் அளிப்பதும் இடவசதி பெருக்குவதும் மாகாணத்தின் பொறுப்பு. எனவே அங்கத்தினரைக் காணச் செல்பவர், அவர் தொகுதியில் தாயும் சேயும் ஒன்றாகத் தங்கத்தக்க படுக்கைகள் எத்தனை என்று கேட்டுப் பேச்சைத் தொடங்கலாம். அக்கணக்கு பெரும்பாலும் அவருக்கே தெரிந்திராது. அதைத் தாமே விசாரித்தறிய அவர் முற்பட்டுவிட்டால், வரவுசெலவுக் குழுவில் அந்தத் தாய்மாருக்காக வாதாட ஒருவர் கிடைத்துவிட்டார்.