மோட்டார் வண்டியின் விளக்கு மொழி

தென்னிந்தியாவில் முதன்முதலாகப் பயணிகளை ஏற்றிக்கொண்டு ரயில் ஓடியது 1856ஆம் ஆண்டு ஜூலை மாதம் முதல் தேதி. சென்னை இராயபுரத்திலிருந்து புறப்பட்ட அந்தப் பாதை அப்போது வந்து முடிந்த இடம் எங்கள் வாலாஜா ரோடு. பத்து ஆண்டுகள் கழித்து, 1866இல், வாலாஜாபேட்டை நகராட்சியும் ஆயிற்று. இந்தப் பழம் பெருமைகளைச் சிறுவயதில் நாங்கள் மனப்பாடமாகவே ஒப்பிப்போம். ஆனால் ரயில் எங்களுக்குக் கற்றுக்கொடுத்திருக்க வேண்டிய ஒரு பாடத்தைச் சாலையில் நாங்கள் கற்றுக்கொள்ளவில்லை என்பதை மிகவும் பிற்பட்டே உணர்ந்தேன். அதைப் பற்றியே இன்று மாணவர்களாகிய உங்களிடம் பேச விரும்புகிறேன்.

ரயில் பாதை ஓரத்திலே கைகாட்டி மரம் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அல்லது பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதன் கை நேராக நீண்டிருந்தால் 'நில்' என்பதே பொருள். வண்டி ஓட்டுபவர் யாராக இருந்தாலும், எந்த மொழி பேசுபவராக இருந்தாலும், அந்தப் பொருள் மாறுவதில்லை. ஒரு குறிக்கு ஒரே பொருள். இதுதான் ரயில் தரும் பாடம்.

இனிச் சாலைக்கு வருவோம். சென்னையையும் பெங்களூரையும் இணைக்கும் நெடுஞ்சாலை எங்கள் ஊரை ஒட்டிச் செல்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை ஆகிய இடங்களில் பதனிட்ட தோலும், தைத்து முடித்த காலணிகளும் இச்சாலை வழியாகவே சென்னைத் துறைமுகத்தை நோக்கிப் போகின்றன. இரவு முழுவதும் லாரிகள் ஓய்வதில்லை. இரண்டாம் ஷிப்டு முடித்துத் தொழிற்சாலையிலிருந்து வீடு திரும்பும் ஆண்களும் பெண்களும் சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் கால்நடையாகவும் அதே சாலையில்தான் வருகிறார்கள்.

அப்படித் திரும்பியவர்களில் ஒருவர் எங்கள் தெருவில் இருந்தார். காலணிக்கு வேண்டிய தோலை அச்சு வைத்து அறுக்கும் வேலை அவருக்கு. நாள் முழுதும் நின்றுகொண்டே செய்யவேண்டிய வேலை அது. ஓர் இரவு அவர் மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்தார். பழுதாகிய லாரி ஒன்று சாலையின் இடப்புறத்தில் நின்றிருந்தது. அதன் பேட்டரி தீர்ந்துபோயிருந்தபடியால் பின்விளக்கு எரியவில்லை. எதிரே ஒரு பஸ், முகப்பு விளக்கை முழு ஒளியில் வைத்தபடி வந்தது. அந்த வெளிச்சத்தில் கண் கூசியவருக்கு முன்னால் நின்ற லாரி தெரியவில்லை. உயிர் தப்பினார், ஆனால் தோல் அறுக்கும் மேசைக்கு அவர் திரும்பவே இல்லை. நெடுநேரம் நிற்கும் வலிமை அவர் காலுக்கு இல்லாமற் போயிற்று.

குற்றம் யாருடையது என்று தெருவிலே பல நாள் பேசினார்கள். லாரி மீது என்றார் ஒருவர். பஸ் மீது என்றார் மற்றொருவர். விபத்துக்கு ஆளானவரோ, "நானும் கொஞ்சம் வேகமாகத்தான் வந்தேன் தம்பி" என்று என்னிடம் சொன்னார். மூன்றும் உண்மையே. வண்டியின் விளக்குக்கு மூன்று கடமைகள் உண்டு: பார்ப்பதற்கு உதவுவது, பிறர் கண்ணுக்கு நம்மைக் காட்டுவது, நம் எண்ணத்தைப் பிறருக்குச் சொல்வது. இவற்றில் இரண்டு அன்றிரவு ஒரே இடத்தில் தவறிவிட்டன.

முதற் கடமையை எடுத்துக்கொள்வோம். மோட்டார் வண்டிகளின் தொடக்க காலத்தில் எண்ணெய் விளக்கும், கார்பைடு கல்லின் மேல் தண்ணீர் சொட்டுவதால் எழும் அசிட்டிலீன் வாயு விளக்குமே இருந்தன. அமெரிக்காவில் 1912ஆம் ஆண்டின் காடிலாக் காரில், சார்லஸ் கெட்டரிங் என்பவர் அமைத்த மின்சார முறையால், எஞ்சினைக் கிளப்புவதும் விளக்கை எரிப்பதும் விசை தொட்டால் நடக்கும் காரியங்களாயின. அதன்பின் வந்த முகப்பு விளக்குகளில் பெரும்பாலும் ஒரே பல்புக்குள் இரண்டு இழைகள் இருந்தன. ஓர் இழை எரிந்தால் ஒளி நேராக நெடுந்தூரம் பாயும். இதையே 'பிரைட்' என்கிறோம். மற்றோர் இழை எரிந்தால் ஒளி தாழ்ந்து சாலையின் மேல் விழும், இது 'டிம்'. ஆகவே டிம் என்பது மங்கல் விளக்கு அன்று, தாழ்ந்த விளக்கு. பரவலாக வழங்கும் ஹாலஜன் பல்பில் பிரைட் இழை 60 வாட், டிம் இழை 55 வாட். வேற்றுமை வலிமையில் அதிகமில்லை. நோக்கும் திசையிலேதான் இருக்கிறது.

நல்ல நிலையிலுள்ள டிம் விளக்கு, இருண்ட உடை அணிந்த ஒருவரைத் தெளிவாகக் காட்டும் தூரம் ஏறக்குறைய 40 முதல் 60 மீட்டர் என்று கொள்ளலாம். இப்போது ஒரு கணக்குப் போடுங்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு விநாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் போகிறது. அபாயத்தைக் கண்டு கால் பிரேக்கை அடைய ஒரு விநாடி. அதற்குள் 17 மீட்டர் போயிற்று. உலர்ந்த நல்ல சாலையில் பிரேக் பிடித்து நிற்க மேலும் 28 மீட்டர். ஆக 45 மீட்டர். வேகம் 80 ஆனால் மொத்தம் 70 மீட்டரைத் தாண்டுகிறது. 100 ஆனால் 100 மீட்டரையும் தாண்டுகிறது. வேகம் இரட்டித்தால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்காகும் என்பது நீங்கள் பௌதிகப் பாடத்தில் படித்ததுதான். விளக்கு காட்டும் தூரத்துக்குள் நிறுத்த முடியாத வேகத்தில் போகிறவர், கண்ணை மூடிக்கொண்டு ஓடுகிறவருக்கு ஒப்பாவார்.

அப்படியானால் எப்போதும் பிரைட்டிலேயே போகலாமே என்று கேட்கலாம். எதிரே வண்டி இல்லாத இருட்டுச் சாலையில் போகலாம்; போகவும் வேண்டும். எதிரே ஒளி தெரிந்தவுடன் தாழ்த்திவிட வேண்டும். பேரொளி பட்ட கண் மீண்டும் இருட்டைக் காணச் சில விநாடிகள் ஆகும். மூன்று விநாடி என்று வைத்தாலும், 60 கிலோமீட்டர் வேகத்தில் 50 மீட்டர் தூரம் ஒருவர் குருடராகச் செல்கிறார். அவர் தடுமாறினால் மோதுவது நம் வண்டியின்மேலாகவும் இருக்கலாம். எனவே விளக்கைத் தாழ்த்துவது பிறருக்குச் செய்யும் தருமம் மட்டுமன்று, தற்காப்பும் ஆகும். முன்னே செல்லும் வண்டியை நெருங்கும்போதும் இவ்வாறே தாழ்த்த வேண்டும். இல்லையேல் அவருடைய கண்ணாடியில் நம் ஒளி பட்டுக் கண்ணைக் கூசச் செய்யும். எதிரே வருபவர் தாழ்த்தாவிட்டால், பழிக்குப் பழியாக நாமும் உயர்த்தலாகாது. வேகத்தைக் குறைத்து, பார்வையைச் சாலையின் இடது ஓரத்தில் வைத்துச் செல்வதே அறிவுடைமை.

இரண்டாம் கடமை, நம்மைக் காட்டுவது. இதற்குப் பேரொளி தேவையில்லை. பின்னாலே ஒரு சிறிய சிவப்பு விளக்குப் போதும். விளக்கே இல்லாத இடத்தில் ஒளிதிருப்பி உதவும். சைக்கிளின் பின்புறத்தில் உள்ள சிவப்பு வில்லையை உற்றுப் பாருங்கள். உள்ளே நுண்ணிய மூலைகளாகச் செதுக்கப்பட்டிருக்கும். எந்தப் பக்கத்திலிருந்து ஒளி வந்தாலும் அது வந்த வழியே திரும்பிப் போகும்படி அம்மூலைகள் அமைந்துள்ளன. அதற்கு எண்ணெயும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். வாரம் ஒருமுறை துணியால் புழுதியைத் துடைத்தால் போதும். நின்றுபோன வண்டிக்குப் பின்னே, போதிய தூரத்தில், சிவப்பு ஒளிதிருப்பி முக்கோணம் வைப்பதும் இக்காரணம் பற்றியே. பிறருக்கு அபாயம் விளைக்கும் நிலையில் வண்டியை விட்டுச் செல்லலாகாது என்று 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் தன் 122ஆம் பிரிவில் கூறுகிறது. அன்றிரவு அந்த லாரிக்குப் பின்னால் ஒரு முக்கோணம் இருந்திருந்தால், இந்தப் பேச்சுக்கே இடமிருந்திராது.

மூன்றாம் கடமை, எண்ணத்தைச் சொல்வது. பழைய கார்களில் திரும்பும் பக்கத்தில் ஒரு சிறு கை வெளியே நீளும். ரயில் கைகாட்டியின் குழந்தை போல இருக்கும். பின்னர் மின்னும் விளக்கு வந்தது. மின்னும்படி செய்தது பல காலம் ஓர் எளிய கருவி. வெவ்வேறு உலோகங்கள் இரண்டை ஒட்டிய பட்டை, மின்சாரத்தால் சூடேறியதும் வளைந்து தொடர்பைத் துண்டிக்கும். குளிர்ந்ததும் மீண்டும் தொடும். இன்று அந்த வேலையை மின்னணுச் சுற்று செய்கிறது. நிமிடத்துக்கு 60 முதல் 120 முறை மின்னுவதே முறை. பல வண்டிகளில் ஒரு பல்பு பழுதானால் மின்னும் வேகம் மாறிவிடும். அதுவும் ஓட்டுபவருக்குச் சொல்லப்படும் ஒரு செய்திதான்.

இங்கேதான் நம் சாலைகள் ரயிலின் பாடத்தை மறக்கின்றன. முன்னே போகும் லாரி வலப்புற விளக்கை மின்னவிட்டால் என்ன பொருள்? 'நான் வலப்புறம் திரும்பப் போகிறேன்' என்பது சட்டம். 'பாதை காலியாக இருக்கிறது, நீ என்னை முந்திக்கொண்டு போ' என்பது நம் நெடுஞ்சாலை வழக்கம். இரண்டும் நல்லெண்ணத்தோடு சொல்லப்படுகின்றன. ஆனால் இரண்டாவது பொருளை நம்பி முந்துகிறவர், முதற்பொருளில் சொன்ன லாரியின் குறுக்கே அகப்படுவார். முந்திச் செல்ல விடுவதற்கு வலக்கையை நீட்டி முன்னும் பின்னும் அரைவட்டமாக வீசும் கைச் சைகை ஒன்று முன்பே வகுக்கப்பட்டிருந்தது. இரவில் கை தெரியாது என்பதால் விளக்கைக் கடன் வாங்கினார்கள், பொருள் குழம்பியது. ஆகவே முன்வண்டியின் விளக்கு எதைச் சொன்னாலும், எதிர்ப்பாதையை நம் கண்ணால் கண்ட பிறகே முந்த வேண்டும்.

இன்னொரு குழப்பமும் உண்டு. நாற்சந்தியில் நேராகப் போகிறவர், நான்கு விளக்குகளையும் ஒருங்கே மின்னவிடுகிறார். பக்கத்துத் தெருவில் நிற்பவருக்கு நான்கும் தெரியா. தம் பக்கத்து விளக்கு மட்டுமே தெரியும். 'இவர் இப்பக்கம் திரும்புகிறார்' என்று நம்பி அவர் சாலையில் இறங்கிவிடுவார். நேராகப் போவதற்குச் சைகையே வேண்டியதில்லை. நான்கு விளக்கும் சேர்ந்து மின்னுவது நின்றுபோன வண்டியின் அபயக் குரல். அதை வேறெதற்கும் செலவிடலாகாது.

கடைசியாக, ஓட்டுபவருக்கு முன்னே உள்ள டாஷ்போர்டு. வெளிவிளக்கு பிறரோடு பேசுகிறது. இந்தப் பலகை ஓட்டுபவரோடு பேசுகிறது. நிறங்களே அதன் இலக்கணம். சிவப்பு என்றால் உடனே கவனி, நிறுத்து. மஞ்சள் என்றால் விரைவில் கவனி. பச்சை, ஒன்று இயங்குகிறது என்னும் செய்தி. நீலம், முகப்பு விளக்கு பிரைட்டில் இருக்கிறது என்னும் நினைவூட்டல். எதிரே வண்டி வரும்போது நீலம் தெரிந்தால் நாம் தவறு செய்கிறோம் என்று அறியலாம். எஞ்சின் ஓடும்போது எண்ணெய்க் குடத்தின் சிவப்புத் தோன்றினால் வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்தவேண்டும். எண்ணெய்ப் படலம் இன்றி உலோகம் உலோகத்தோடு உராய்ந்தால் சில நிமிடங்களில் எஞ்சின் பாழாகும். பேட்டரியின் சிவப்புத் தோன்றினால் மின்னூட்டம் நின்றுவிட்டது என்று பொருள். பகலில் அது சிறு தொல்லை; இரவில் அது, சிறிது நேரத்தில் விளக்குகள் அணையும் என்னும் முன்னறிவிப்பு. அன்று நின்ற லாரியின் பலகையிலும் அந்தச் சிவப்பு முன்னரே தோன்றியிருக்கக்கூடும். எஞ்சினைக் கிளப்பும் முன் சாவியைத் திருப்பியதும் எச்சரிக்கைக் குறிகள் ஒருமுறை எரிவது, பலகை உயிரோடு இருக்கிறது என்பதற்குச் சான்று. அந்த இரண்டு விநாடியைப் பொறுத்துப் பார்த்த பிறகே வண்டியைக் கிளப்ப வேண்டும்.

மாணவர்களே, உங்களில் பலர் இன்னும் உரிமம் பெறும் வயதை அடையவில்லை. ஆயினும் உங்களால் ஆவது உண்டு. வீட்டில் வண்டி புறப்படும் முன் அதைச் சுற்றி ஒருமுறை நடந்து வாருங்கள். தந்தையார் பிரேக்கை மிதிக்கும்போது பின்னால் சிவப்பு எரிகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். தனியாக இருக்கும் ஓட்டுநர் தம் பின்விளக்கைத் தாமே காண முடியாது. பிறர் சொன்னால்தான் உண்டு. உங்கள் சைக்கிளின் ஒளிதிருப்பியைத் துடையுங்கள்.

எங்கள் தெருக்காரர் இப்போது ஒரு சிறு பெட்டிக்கடை வைத்திருக்கிறார். மாலையில் கடைமுன் வந்து நிற்கும் வண்டிகளில் பின்விளக்கு எரியாத வண்டியைக் கண்டால், சரக்கைக் கையில் கொடுக்கும் முன், "தம்பி, பின்னால் விளக்கு எரியவில்லை" என்று சொல்லிவிடுவார். சிலர் முகம் சுளிப்பார்கள். அவர் அதைப் பொருட்படுத்துவதில்லை. அந்த ஒரு சொல்லை நீங்களும் சொல்லப் பழகினால், இரவு ஷிப்டு முடிந்து வரும் யாரோ ஒருவர் தம் வீட்டுக் கதவைத் தட்டுவார்.