உதிரிப் பாகமும் கணிப்பொறியும்

பண்டகசாலையில் ஒரு பொருள் இருப்பது வேறு. தேவைப்படுபவருக்கு அது கிடைப்பது வேறு. உதிரிப் பாகங்களுக்கான தகவல் தொகுப்பை வடிவமைப்போர் முதலில் உணர வேண்டிய உண்மை இது.

இந்திய ரயில்வேயின் பண்டகசாலைகளில் பொருள்களுக்கு 8 இலக்க எண் வழங்கப்படுகிறது. முதல் 2 இலக்கங்கள் பெரும் பிரிவைக் குறிக்கும். கடைசி இலக்கம், எண்ணைப் பிழையாக எழுதினால் காட்டிக்கொடுக்கும் சோதனை இலக்கம். எண் அறிந்தவருக்கு வழி எளிது. ஆனால், தேய்ந்த பேரிங்கைக் கையில் வைத்திருக்கும் தொழிலாளர் அறிந்தவை அதன் விட்டமும் அகலமுமே. அவர் "ரோலர் பேரிங்" என்பார். ஏட்டிலோ "பேரிங், ரோலர்" என்றிருக்கலாம். பெயர் ஒத்துவராமல் "இருப்பில் இல்லை" என்ற விடை வந்தால், இருக்கும் பொருளே மீண்டும் வாங்கப்படும். அதுவரை வண்டி பணிமனையில் நிற்கும்.

1970இல் எட்கர் காட் என்ற அறிஞர், தகவல்களை அட்டவணைகளாக அமைக்கும் கோட்பாட்டை வெளியிட்டார். ஆயினும் கேள்வி கேட்பதற்குத் தனி மொழி தேவைப்பட்டது. அதே பத்தாண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தின் மோஷே ஸ்லூஃப் மாற்று வழி கண்டார். திரையில் தோன்றும் வெற்று அட்டவணையில், தெரிந்ததை உரிய கட்டத்தில் நிரப்பினாலே போதும்.

ஆனால், எந்தக் கட்டங்கள்? போல்ட்டுக்கு நீளம் வேண்டும். ரிலேக்கு வோல்ட் வேண்டும். அனைத்தையும் ஒரே அட்டவணையில் அடக்கினால் பெரும்பாலான கட்டங்கள் வெறுமையாகும். புதுவகைப் பொருள் வரும்போதெல்லாம் அட்டவணையையே திருத்த நேரும்.

எனவே மூன்று அட்டவணைகள் ஏற்றவை. முதலாவதில் எண், பெயர், இருப்பு, இடம் ஆகிய பொதுச் செய்திகள். இரண்டாவதில் பொருளின் ஒவ்வொரு பண்புக்கும் ஒரு வரி. மூன்றாவதில் எவ்வகைக்கு எப்பண்புகள் உரியவை என்ற விதி. திரைப் படிவம் இந்த விதியிலிருந்தே உருவாகும். புதுவகை வந்தால் பண்டகக் காப்பாளரே சில வரிகளைச் சேர்த்துவிடலாம்.

இந்தச் சுதந்திரத்திற்குக் கட்டுப்பாடும் தேவை. ஒருவர் 25 மில்லிமீட்டர் என்றும், மற்றவர் 2.5 சென்டிமீட்டர் என்றும் எழுதினால், ஒரே பொருள் இரண்டாகிவிடும். 25.4 மில்லிமீட்டர் கொண்ட ஓர் அங்குலத்தை 25 என்று எழுதினால், இரு பொருள்கள் ஒன்றாகிவிடும். ஆகவே அளவின் அலகை விதியிலேயே உறுதிப்படுத்த வேண்டும். தேய்ந்த பாகத்தின் அளவு சற்று மாறியிருக்குமாதலால், தேடலுக்கு மட்டும் சிறிது நெகிழ்வு தர வேண்டும்.

பொருள்களைத் தொழிலாளர்கள் எப்பெயர்களால் அழைக்கின்றனர் என்பதையும் தொகுப்பில் சேர்ப்பது இன்றியமையாதது. அப்பட்டியலைக் கணிப்பொறி வாங்கும் முன்னரே, பணிமனைக்குச் சென்று கேட்டுத் தொகுக்கலாம்.