வேங்கைவயலில் எடுத்த ரத்தம்

மாணவர்களே, போளூர்வரை மலையேறி வந்திருக்கிறீர்கள்.

2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்தார்கள். விசாரித்த சி.பி.சி.ஐ.டி., அந்தத் தண்ணீரைக் குடித்தவர்களிடமே டி.என்.ஏ. பரிசோதனைக்கு ரத்தம் கேட்டது. பாதிக்கப்பட்டவர்களையே குற்றவாளியாக்கப் பார்க்கிறார்கள் என்று 2023 ஏப்ரலில் எட்டுப் பேர் மறுத்தார்கள். பிறகு நீதிமன்ற உத்தரவு வந்தது, கொடுத்தார்கள். பக்கத்து ஊர்க்காரர்களையும் சேர்த்து 31 பேரின் மாதிரி. ஒன்றும் பொருந்தவில்லை. 2025 ஜனவரியில் வந்த குற்றப்பத்திரிகையில் இருந்த மூவரும் அதே ஊர் தலித்துகள். அதைப் பற்றி நிறையப் பேசிவிட்டோம். எடுத்த ரத்தத்தைப் பற்றி அதிகம் பேசவில்லை.

ஒருவரின் மரபணுவில் அவர் மட்டும் இல்லை. தாய், பிள்ளை, பங்காளி எல்லோரும் இருக்கிறார்கள். நம் நாட்டில் சாதியும் இருக்கிறது. சாதியின் உயிர்நாடி அகமணம் என்று 1916இல் கொலம்பியாவில் வாசித்த கட்டுரையில் அம்பேத்கர் நிறுவினார். தலைமுறை தலைமுறையாக உள்ளுக்குள்ளேயே கொண்டு கொடுத்தால் அதன் தடம் ரத்தத்தில் விழாதா? (உடனே சாதிக்கு உயிரியல் ஆதாரம் கிடைத்துவிட்டது என்று யாரும் குதிக்க வேண்டாம். பூட்டி வைத்ததன் தழும்பு அது.)

2019இல் மக்களவைக்கு வந்த டி.என்.ஏ. மசோதாவை ஆராய்ந்த நிலைக்குழுவே, சாதி, மத அடிப்படையில் தவறாகப் பயன்படுத்துவார்கள் என்ற அச்சத்தை ஆதாரமற்றது என்று தள்ளவில்லை. 2023இல் மசோதாவைத் திரும்பப் பெற்றார்கள். நல்லதுதானே என்பீர்கள். ஆனால் மாதிரி எடுக்கும் அதிகாரம் 2022ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறை அடையாளச் சட்டத்தில் ஏற்கெனவே இருக்கிறது. பதிவுகளை 75 ஆண்டுகள் வைத்திருக்கலாம். நம்மைக் காக்க வேண்டியது 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். 2019 வரைவில் மரபணுத் தரவு தனியாகக் காக்க வேண்டிய வகையாக இருந்தது. இதில் அந்த வகையே இல்லை. அரசு தடுத்து அறிவிக்காத எந்த நாட்டுக்கும் தரவு போகலாம் என்கிறது 16ஆம் பிரிவு.

அமெரிக்காவின் அரிசோனாவில் ஹவாசுபாய் பழங்குடியினர் நீரிழிவு ஆய்வு என்று நம்பி 1990களில் ரத்தம் கொடுத்தார்கள். மனநோய், மூதாதையர் இடப்பெயர்வு என்று வேறு ஆய்வுகளுக்கும் அது போனது. வழக்குப் போட்டு, 2010இல் இழப்பீட்டோடு மிச்ச ரத்தத்தையும் பல்கலைக்கழகத்திடமிருந்து திரும்ப வாங்கினார்கள்.

வேங்கைவயல் வழக்கில் சேர்க்கப்படாதவர்களின் மாதிரியையும் விவரங்களையும் அழித்து, அதை எழுத்தில் தர வேண்டும். நம் கோரிக்கைகளில் இதுவும் சேரட்டும். இந்த மலையில் பளியர் குடியிருப்புக்கு ரத்தம் எடுக்க யார் வந்தாலும், எதற்கு, எங்கே போகும், எப்போது அழிப்பீர்கள் என்று கேட்டு, பதிலைத் தமிழில் எழுதி வாங்குங்கள்.