சுண்டெலியின் ஏற்பிப் புரதம்



இரத்தப் பரிசோதனைச் சீட்டில் எல்.டி.எல். என்னும் எழுத்துகளைக் கண்டு கவலையுறாத குடும்பம் இன்று அரிது. அக்கொழுப்பு மிகுவதற்கு நாம் உண்ணும் நெய்யும் எண்ணெயுமே காரணம் என்று எண்ணி விடுகிறோம். அதனை இரத்தத்திலிருந்து உள்ளே ஏற்றுக்கொள்ளும் கதவுகள் குறைவதும் ஒரு காரணம். உயிரணுவின் மேற்பரப்பில் அமைந்த அக்கதவுக்கு ஏற்பி என்று பெயர். அது ஒரு புரதம்.

1968ஆம் ஆண்டு அமெரிக்காவில், பத்து வயதும் நிரம்பாத உடன்பிறப்புகள் இருவர் இருதய நோயால் வாடினர். அவர்களைக் கண்ட மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் என்னும் மருத்துவர்கள், இந்நோயின் மூலத்தைத் தேடலாயினர். பின்னர் டல்லாஸ் நகரில், இத்தகைய நோயாளிகளின் தோலணுக்களை வளர்த்துப் பார்த்தபோது, ஏற்பியின் குறைபாடே காரணம் எனத் தெளிந்தது. 1985இல் இருவரும் நோபல் பரிசு பெற்றனர்.

இந்த ஏற்பி அசையாது நிற்கும் கதவன்று. ஓடம் என்பதே பொருந்தும். கொழுப்புத் துகளைப் பற்றி உயிரணுவினுள் இறங்கி, அங்கே சுமையை விட்டுவிட்டு, மீண்டும் மேற்பரப்புக்கு வருகிறது. ஒரு முறை சென்று மீள ஏறத்தாழ 10 நிமிடம் ஆகும். பி.சி.எஸ்.கே.9 என்ற மற்றொரு புரதம் வந்து ஒட்டிக்கொண்டாலோ, ஓடம் திரும்புவதில்லை. உள்ளேயே சிதைந்து போகிறது. அப்புரதத்தைத் தடுக்கும் மருந்துகள் 2015 முதல் வழக்கில் உள்ளன.

இவற்றையெல்லாம் அளந்தறிய ஏற்பி தூய நிலையில் கையில் இருத்தல் வேண்டும். சோதனைகள் பெரும்பாலும் சுண்டெலியிடத்தே நடைபெறுவதால், சுண்டெலியின் ஏற்பியே வேண்டப்படுகிறது. ஆயினும் அதற்காக எலிகளின் ஈரலை அரைத்துப் பிரிப்பதில்லை. ஏற்பிக்குரிய மரபணுவில் வெளிப்பகுதியைக் குறிக்கும் துண்டை மட்டும் எடுத்து, கலங்களில் வளரும் பாலூட்டி அணுக்களினுள் புகுத்துவர். சவ்வில் பதியும் பகுதி நீக்கப்பட்டிருப்பதால், புரதம் வெளியேறி வளர்ப்பு நீரில் கலக்கிறது. அதனைப் பிரித்தெடுத்து, உறைய வைத்து உலர்த்தி, சிறு குப்பிகளில் அடைக்கின்றனர். இதற்கு மறுசேர்க்கைப் புரதம் என்று பெயர். இப்புரதத்தின் மடிப்புகளைக் கந்தகப் பிணைப்புகளும் கால்சியமும் காத்து நிற்கின்றன. கால்சியம் நீங்கினால் கொழுப்பைப் பற்றும் திறனும் நீங்கும். கைப்பிடிப்பொடியிலும் சிறிய அளவுள்ள பொருள்தான், ஆனால் எத்தனை நுட்பம்!

ஒன்றை மறத்தலாகாது. சுண்டெலி மனிதனன்று. அதன் இரத்தத்தில் கொலஸ்ட்ரால் பெரும்பாலும் எச்.டி.எல். துகள்களிலேயே உலவுகிறது, நமக்கோ எல்.டி.எல். துகள்களில். 1993இல் ஏற்பியே இல்லாத சுண்டெலிகளைத் தோற்றுவித்தபோதும், சாதாரண உணவில் அவற்றின் கொலஸ்ட்ரால் ஓரளவே உயர்ந்தது. கொலஸ்ட்ரால் மிகுந்த உணவு தந்த பின்னரே இரத்தக் குழாய்களில் கொழுப்பு படிந்தது. எனவே, குப்பியில் ஒரு மருந்து எலியின் ஏற்பியிடம் ஒட்டுகிறது என்றால், அது மனித ஏற்பியிடமும் ஒட்டும் என்று கொள்ளலாகாது; தனியே சோதிக்கவே வேண்டும்.

ஏற்பி அறவே இல்லாத குழந்தைகளுக்கு, ஓடத்தைக் காக்கும் மருந்துகள் பயன்படுவதில்லை; காக்க ஓடமே இல்லையல்லவா? அவர்களுள் பலருக்கு, இயந்திரத்தின் வழியே இரத்தத்தைச் செலுத்தி, ஓரிரு வாரங்களுக்கு ஒருமுறை கொழுப்பை வடிக்க வேண்டியிருக்கிறது. ஏற்பியைச் சாராது கொழுப்பைக் குறைக்கும் எவினாகுமாப் என்னும் மருந்துக்கு 2021இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.